வசனமும் தாழ்ப்பாளும்: ஆபத்து நாளில் விசுவாசத்தைப் பற்றிக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

பாளையங்கோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், புறவாசல் நிலைக்கு மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ‘அவர் உன் வாசல்களின் தாழ்ப்பாள்களைப் பலப்படுத்தி, உன்னிடத்திலுள்ள உன் பிள்ளைகளை ஆசீர்வதிக்கிறார்.’ வேதாகமத்தில் சங்கீதம் 147:13. தங்க நிற எழுத்து, ஓரத்தில் ஒரு புறா. அதற்கு நேர் கீழே கதவின் தாழ்ப்பாள் ஒற்றைத் திருகில் தொங்கிக்கொண்டிருக்கும். நாளைக்குச் சரிபண்ணலாம், நாளைக்குச் சரிபண்ணலாம் என்று இரண்டு வருடம் ஓடிவிட்டது. ஒரு நாள் காலையில் எழுந்தால் கேஸ் சிலிண்டரைக் காணோம். பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த பித்தளைக் குடத்தையும் காணோம்.

பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த எனக்குத் திருடன் மேல் கோபம் வரவில்லை. அந்தப் புறாவின் மேல்தான் வந்தது. வசனம் இருந்தும் இப்படியா என்று அழுதேன். அம்மா அடுப்படியில் நின்றபடியே சொன்னார்: “ஏட்டி, வசனத்த ஒழுங்கா வாசி. தாழ்ப்பாளப் பலப்படுத்துவேன்னுதான் போட்டிருக்கு. தாழ்ப்பாள் வாங்கித் தாரேன்னு எங்க போட்டிருக்கு?” அன்று மத்தியானமே ஆசாரி வந்தார்.

பிறகு எங்கள் வீட்டுக்கு வியாதி வந்தது, கடன் வந்தது, சாவும் வந்தது. ஒவ்வொரு முறையும் அம்மாவின் அந்த ஒற்றைக் கேள்விதான் வழிகாட்டியது. கீழே இருப்பது அந்த வழியைப் படிப்படியாகப் பிரித்து எழுதியது. இன்றைக்கு எதற்காவது பயந்துகொண்டிருப்பவர்கள் முதல் படியிலிருந்து செய்துகொண்டே வாசிக்கலாம். பயம் இல்லாதவர்கள் இரண்டாம் படியை மட்டும் இப்போதே தொடங்கிவிடுங்கள். புயல் வரும்போது உட்கார்ந்து மனப்பாடம் செய்ய முடியாது.

முதல் படி: காகிதத்தை விரித்து வையுங்கள்

கிறிஸ்துவுக்கு முன் 701. அசீரிய ராஜா சனகெரிப் யூதாவுக்குள் வந்து, அரணான பட்டணங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டான். நாற்பத்தாறு பட்டணங்களைப் பிடித்ததாகவும், யூதாவின் ராஜா எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப் போல எருசலேமுக்குள் அடைத்துவிட்டதாகவும் அவனே களிமண் பட்டயத்தில் எழுதி வைத்தான். அவனிடமிருந்து எசேக்கியாவுக்கு ஒரு மிரட்டல் கடிதம் வருகிறது. ராஜா அதை வாங்கி வாசிக்கிறார். ஆலயத்துக்குப் போய், அந்தக் கடிதத்தைக் ‘கர்த்தருக்கு முன்பாக விரித்து’ வைக்கிறார். அதன் பிறகுதான் ஜெபம் (2 இராஜாக்கள் 19:14).

‘விரித்து’ என்ற அந்தச் சொல்லை நான் பல வருடம் கவனிக்காமலே கடந்துபோயிருக்கிறேன். கடிதத்தில் இருப்பது கர்த்தருக்குத் தெரியாதா? தெரியும். விரித்து வைத்தது ராஜாவுக்காக. மடித்து வைத்த காகிதம் மனதுக்குள் பெரிதாகிக்கொண்டே போகும், விரித்து வைத்தால் அது எத்தனை வரியோ அத்தனை வரிதான்.

அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்று இரவு அம்மா அதைத்தான் செய்தார். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, ரிப்போர்ட்டைக் கவரிலிருந்து எடுத்துப் பிரித்து வைத்தார். ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க மேலே தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்தார். “ஆண்டவரே, இதுதான் வந்திருக்கு. எங்களுக்குப் பாதி புரியல. நீரே வாசிச்சுக்கிடும்” என்றார். அன்றைய ஜெபம் அவ்வளவுதான்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். வங்கி நோட்டீஸ், ஸ்கேன் ரிப்போர்ட், வக்கீல் கடிதம் எதுவானாலும் மேஜைமேல் விரித்து வையுங்கள். காகிதமே இல்லாத பயம் என்றால் நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள். ‘கஷ்டமா இருக்கு’ என்று எழுதாதீர்கள். ‘ஜூன் பத்தாம் தேதிக்குள் நாற்பதாயிரம் கட்ட வேண்டும், கையில் ஆறாயிரம்தான் இருக்கிறது’ என்று எழுதுங்கள். ‘பிசாசின் போராட்டம்’ என்று பொதுவாக எழுதுவதும் வேண்டாம். அது உண்மையாகவே இருந்தாலும் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் என்ன செய்வது என்று தெரியாது. எழுதிய தாளுக்கு அடியில் சங்கீதம் 56:3-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்.’ பயப்படாத நாளில் என்று அதைப் பாடின தாவீது சொல்லவில்லை. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே ஆளுக்குள் இருக்கலாம்.

இரண்டாம் படி: ஒரு சங்கீதத்தை முழுதாகக் கைவசம் வைத்திருங்கள்

நம் வீடுகளில் வசனத்துக்குப் பஞ்சமில்லை. வருடப் பிறப்பு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை, காலண்டர், காரின் பின்கண்ணாடி, வாட்ஸ்அப்பில் காலை ஐந்தரைக்கே வரும் படம், எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் எல்லாம் ஒற்றை வரிகள். முன்னும் பின்னும் வெட்டிய வரி, நெருக்கடி வரும்போது கையில் நிற்பதில்லை.

என் யோசனை, சங்கீதம் 91-ஐ முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறே வசனம். நாளுக்கு ஒன்று என்றால் பதினாறு நாள்.

அதைப் படிக்க ஒரு முறை உண்டு. அந்தச் சங்கீதத்தில் மூன்று குரல்கள் பேசுகின்றன. முதல் இரண்டு வசனத்தில் நம்புகிறவன் வாய்திறந்து ‘நீர் என் அடைக்கலம், என் கோட்டை’ என்கிறான். மூன்றிலிருந்து பதின்மூன்று வரை வேறொருவர் அவனைப் பார்த்து ‘உன்னை’, ‘உனக்கு’ என்று தைரியம் சொல்லுகிறார். கடைசி மூன்று வசனத்தில் தேவனே பேசுகிறார். வீட்டில் மூன்று பேர் இருந்தால் ஆளுக்கொரு குரலாக வாசித்துப் பாருங்கள். பயந்திருப்பவர் முதல் குரலை எடுத்துக்கொள்ளட்டும். நடுப்பகுதியை இன்னொருவர் அவர் முகத்தைப் பார்த்து வாசிக்கட்டும். எங்கள் வீட்டில் கடைசிப் பகுதி எப்போதும் தம்பிக்கு. பத்து வயதுப் பையன் வாயிலிருந்து ‘ஆபத்தில் நானே அவனோடிருந்து’ என்று கேட்கும்போது அப்பா கண்ணை மூடிக்கொள்வார்.

நாள் முழுவதற்கும் அதில் இடம் இருக்கிறது. இரவில் உண்டாகும் பயங்கரம், பகலில் பறக்கும் அம்பு, இருளில் நடமாடும் கொள்ளைநோய், மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம். பயம் எந்த நேரத்தில் உங்களைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தின் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். கடன்காரரின் போன் பதினோரு மணிக்கு வருமானால், அது உங்களுடைய ‘பகலில் பறக்கும் அம்பு’.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தச் சங்கீதத்தைச் சுவிசேஷத்தில் வாய்விட்டு எடுத்துச் சொல்லுகிறவன் யார் தெரியுமா? பிசாசு. மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்கிறான். 91-ஆம் சங்கீதத்தின் பதினோராம், பன்னிரண்டாம் வசனங்கள் அவை. அதிலும் ‘உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி’ என்கிற இடத்தில் ‘உன் வழிகளிலெல்லாம்’ என்பதை விட்டுவிடுகிறான். உப்பரிகையிலிருந்து குதிப்பது யாருடைய வழியும் அல்ல. இயேசு சொன்ன பதில் உபாகமத்திலிருந்து வருகிறது: உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக.

ஆக, அதே வசனத்தை வைத்துக் கர்த்தரை நம்பவும் செய்யலாம், கர்த்தரைச் சோதிக்கவும் செய்யலாம். ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் ஏறி ‘தூதர் காப்பார்’ என்பது இரண்டாவது வகை. தலையணைக்கு அடியில் வேதாகமத்தை வைத்துக்கொண்டு, அதைத் திறக்காமலே தூங்குவதையும் நான் அதோடுதான் சேர்ப்பேன். என் பாட்டி வைத்திருந்தார், அவரிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

மூன்றாம் படி: சின்ன ஜெபம், சண்டை போடுகிற ஜெபம்

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீளமான ஜெபம் வராது. வராததற்காக வருத்தப்பட வேண்டாம். இயேசுவின் சீடர் பேதுரு தண்ணீரில் மூழ்கும்போது செய்த ஜெபம் தமிழில் மூன்றே வார்த்தை: ‘ஆண்டவரே, என்னை இரட்சியும்.’ மூச்சை இழுக்கும்போது ‘ஆண்டவரே’, விடும்போது மீதி இரண்டும். லிஃப்ட்டுக்காக நிற்கும்போதும், டோக்கன் நம்பர் கூப்பிடக் காத்திருக்கும்போதும் இது போதும்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு வேறொரு ஜெபம் தேவைப்படும். நம் சபைகளில் ஸ்தோத்திரம் சொல்லக் கற்றுக்கொடுக்கிறார்கள். முறையிடக் கற்றுக்கொடுப்பது குறைவு. சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் புலம்பல்தான். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதை ஒருவரும் திருத்தி ஒரு ‘அல்லேலூயா’ சேர்க்கவில்லை.

புலம்ப ஒரு வடிவம் வேண்டுமென்றால் 13-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். ஆறே வசனம். முதல் இரண்டும் முறையீடு, ‘எதுவரைக்கும்’ என்று நான்கு தரம் கேட்கிறார். அடுத்த இரண்டும் வேண்டுதல். கடைசி இரண்டும் நம்பிக்கை. உங்கள் நோட்டில் அதே போல ஆறு வரி எழுதுங்கள். முறையீட்டு வரிகளை நாசூக்காக எழுத வேண்டாம், எப்படி மனதில் இருக்கிறதோ அப்படியே எழுதலாம். கடைசி இரண்டு வரி இன்று வரவில்லையா, இடம் விட்டு வையுங்கள். என் நோட்டில் ஒரு பக்கத்தில் அந்த இடம் ஐந்து மாதம் காலியாக இருந்தது.

நான்காம் படி: ஜாமக்காரரை வையுங்கள்

நெகேமியா எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டும்போது எதிரிகள் தாக்கத் திட்டமிடுகிறார்கள். அவர் எழுதியதைப் பாருங்கள்: ஜெபம்பண்ணினோம், இரவும் பகலும் ஜாமங்காக்கிறவர்களை வைத்தோம் (4:9). இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. நடுவே ‘ஆனாலும்’ கிடையாது. ஜெபம் பலிக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்த காவல் அல்ல அது.

எசேக்கியாவும் அப்படித்தான். கடிதத்தை விரித்து வைத்த அதே ராஜா, அதற்கு முன்பே இடிந்த அலங்கத்தைக் கட்டியிருந்தார், ஊருக்கு வெளியே இருந்த ஊற்றுகளைத் தூர்த்திருந்தார், கீகோன் ஊற்றின் தண்ணீரைப் பாறையைக் குடைந்து நகருக்குள் கொண்டுவந்திருந்தார். அந்தச் சுரங்கம் சுமார் 533 மீட்டர் நீளம், இன்றைக்கும் அதற்குள் முழங்கால் தண்ணீரில் நடக்கலாம். இரண்டு பக்கமிருந்தும் குடைந்துகொண்டு வந்த ஆட்கள் நடுவில் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுச் சந்தித்ததை எழுதிய கல்வெட்டு 1880-இல் கிடைத்தது. ராஜா ஆலயத்தில் முழங்கால்படியிட்டபோது, ஊர் மக்கள் குடிக்கத் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

1527-இல் விட்டன்பர்க் நகரத்தில் கொள்ளைநோய் வந்தது. பல்கலைக்கழகம் வேறு ஊருக்குப் போனது, மார்ட்டின் லூத்தர் போகவில்லை. கொள்ளைநோய்க்குத் தப்பி ஓடலாமா என்று கேட்ட போதகர்களுக்கு அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தேவன் காக்கும்படி ஜெபிப்பேன், பிறகு வீட்டுக்குப் புகை போடுவேன், மருந்து கொடுப்பேன், நானும் சாப்பிடுவேன், நான் தேவைப்படாத இடத்துக்குப் போகமாட்டேன், அயலானுக்கு நான் தேவையென்றால் போகாமலும் இருக்கமாட்டேன் என்பது அதன் சாரம். மருந்தை ஒதுக்குவது விசுவாசமல்ல, தேவனைப் பரீட்சை பார்ப்பது என்றும் அதில் கண்டிக்கிறார். கொரோனா நாட்களில் தரங்கம்பாடி வழி வந்த லுத்தரன் சபையார் சிலர் இந்தக் கடிதத்தை ஞாபகப்படுத்திப் பேசியதைக் கேட்டிருக்கிறேன். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய பதில், நேற்று எழுதியது போல இருந்தது.

அப்பா மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஜெப ஊழியர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஜெபித்து முடித்துவிட்டு, “சுகம் கிடைத்துவிட்டது, இனி மாத்திரையை நிறுத்துங்கள்” என்றார். அம்மா வாக்குவாதம் பண்ணவில்லை. அவருக்கு காப்பி கொடுத்தார். அந்த டம்ளரை வைத்த தட்டிலேயே அப்பாவின் இரண்டு மணி மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து, அவர் கண் முன்னாலேயே அப்பாவிடம் நீட்டினார்.

சரி, உங்கள் காவல் எது? ஆபத்தைப் பொறுத்தது.

வியாதியென்றால் டாக்டர், மருந்து, சந்தேகம் இருந்தால் இன்னொரு டாக்டர். கடனென்றால் வங்கிக்கு நேரில் போய்க் கால அவகாசம் கேட்பது. ஒளிந்துகொண்டால் வட்டிதான் ஏறும். ஆன்லைனில் பணம் பறிபோனால் முழங்கால்படியிடுவதற்கு முன்னால் 1930-க்குப் போன் செய்யுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு, பணம் கைமாறுவதற்குள் தடுக்கப் பார்ப்பார்கள். ஜெபத்தைப் போன் மணி அடிக்கும்போதே செய்யலாம்.

வீட்டுக்குள்ளேயே அடி உதை என்றால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ‘பொறுத்துக்கொள், ஜெபி, கர்த்தர் அவரை மாற்றுவார்’ என்ற ஆலோசனை எத்தனையோ பெண்களை ஆபத்திலேயே உட்கார வைத்திருக்கிறது. சவுல் ராஜா ஈட்டியை எறிந்தபோது தாவீது அங்கே நின்று ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. விலகி ஓடினார். அதே இரவில் வீட்டைச் சுற்றி ஆட்கள் காத்திருந்தபோது, மனைவி மீகாள் அவரை ஜன்னல் வழியாக இறக்கிவிட்டாள் (1 சாமுவேல் 19). 59-ஆம் சங்கீதத்தின் தலைப்பு அந்த இரவைத்தான் குறிக்கிறது. ஓடினவர்தான் ‘தேவனே எனக்கு உயர்ந்த அடைக்கலம்’ என்று அதில் பாடுகிறார். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, உடனடி ஆபத்துக்கு 112. சில நாட்களில் ஜன்னல்தான் கர்த்தர் திறக்கிற வாசல்.

மனது தாங்காமல், செத்தால் போதும் என்று தோன்றினால் தீர்க்கதரிசி எலியாவை நினையுங்கள். சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து சாவைக் கேட்டார். அவருக்குப் பிரசங்கம் கிடைக்கவில்லை. தூக்கம் கிடைத்தது. தூதன் தட்டி எழுப்பினான், பார்த்தால் தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. பேச்செல்லாம் அதற்கப்புறம்தான். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசம், தமிழிலேயே பேசலாம். அதில் பேசுவதால் உங்கள் விசுவாசம் ஒரு அங்குலமும் குறையாது.

ஐந்தாம் படி: யாரிடம் சொல்வது

பவுல் எபேசியருக்கு எழுதின நிருபத்தில் வரும் சர்வாயுதவர்க்கம் நமக்கெல்லாம் ஞாயிறு பள்ளியிலிருந்தே மனப்பாடம். கச்சை, மார்க்கவசம், பாதரட்சை, கேடகம், தலைச்சீரா, பட்டயம். அதில் கேடகம் என்று மொழிபெயர்த்திருக்கும் கிரேக்கச் சொல், கதவு என்ற சொல்லிலிருந்து வந்தது. ரோமச் சேவகர் பிடித்த பெரிய கேடகம் அது, ஆளையே மறைக்கிற ஒரு சிறு கதவு. போரில் அதைப் பக்கத்துச் சேவகனின் கேடகத்தோடு ஒட்டவைத்துச் சுவர் போல நிற்பார்கள். தனியாகப் பிடித்தால் ஒரு பக்கம் திறந்துதான் இருக்கும்.

பவுல் இதை அனுபவத்திலிருந்து எழுதினார். அப்போஸ்தலர் 23-இல், ராத்திரியிலே கர்த்தர் அவர் அருகே நின்று ‘திடன்கொள்’ என்கிறார். விடிந்ததும் நாற்பது பேருக்கு மேல் கூடி, அவரைக் கொல்லும்வரை சாப்பிடமாட்டோம் என்று சபதம் போடுகிறார்கள். அந்தச் செய்தியைக் கொண்டுவந்தது தூதன் அல்ல, பவுலுடைய சகோதரியின் மகன். பவுல் அவனைச் சேனாபதியிடம் அனுப்புகிறார். சேனாபதி இருநூறு காலாட்கள், எழுபது குதிரைவீரர், இருநூறு ஈட்டிக்காரரோடு இரவோடு இரவாகப் பவுலைச் செசரியாவுக்கு அனுப்பிவைக்கிறான். கர்த்தர் நேரில் வந்து வாக்குக் கொடுத்த மனுஷனே, மருமகப்பிள்ளை சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார்.

எனவே சொல்லுங்கள், ஆனால் அளந்து சொல்லுங்கள். இருநூறு பேர் உள்ள ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் மகளின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போட வேண்டாம். அது மறுநாளே ஊர்ச் செய்தி. முதலில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் ராத்திரி எந்நேரமும் போன் எடுப்பவர், மற்றவர் வாய் இறுகியவர். சபை ஐயரிடம் சொல்லி வீட்டுக்கு வரவழைத்து ஜெபிக்கச் சொல்லலாம். யாக்கோபு 5:14 அதற்குத்தான். கேட்கும்போது ‘எங்களுக்காக ஜெபிச்சுக்கோங்க’ என்பதோடு நிறுத்தாமல், ‘செவ்வாய்க்கிழமை மதியம் ஆபரேஷன், ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை ஜெபியுங்கள், முடிந்தால் ஒருவர் வந்து பக்கத்தில் உட்காருங்கள், ஒரு வேளைச் சாப்பாடு வேண்டும்’ என்று தெளிவாகக் கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும்.

பயந்திருக்கிறவரை மோப்பம் பிடித்து வருகிறவர்களும் உண்டு. பாதுகாப்புக்கென்று எண்ணெய் பாட்டிலும் கைக்குட்டையும் விலைக்கு நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். பணம் கொடுத்து வரத்தை வாங்கப் பார்த்த சீமோனிடம் பேதுரு என்ன சொன்னார் என்பது அப்போஸ்தலர் 8-இல் இருக்கிறது, அவ்வளவு காட்டமாக நான் எழுத மாட்டேன். அதைவிட மோசம், ‘உங்களுக்குச் செய்வினை வைத்தது உங்கள் நாத்தனார்தான்’ என்று வெளிப்பாடு சொல்லுகிறவர். வியாதி போனாலும் அந்தப் பகை போகாது.

ஆறாம் படி: காக்கப்படாத நாளுக்கும் ஆயத்தம்

அப்பா பதினான்கு மாதம் இருந்தார். இந்தப் படியை எழுதாமல் விட்டால் மற்ற ஐந்தும் பொய்யாகிவிடும்.

எருசலேம் தப்பியது, யூதாவின் இன்னொரு பட்டணமான லாகீஸ் தப்பவில்லை. அதே வருடம், அதே சனகெரிப். லாகீஸ் விழுந்ததை அவன் தன் அரண்மனைச் சுவரில் கல்லில் செதுக்கி வைத்தான். மூட்டை முடிச்சோடு, பிள்ளைகளோடு சிறைபோகிற குடும்பங்கள் இன்றைக்கும் லண்டன் அருங்காட்சியகச் சுவரில் நடந்துகொண்டிருக்கின்றன. அவர்களில் ஜெபித்தவர் ஒருவரும் இல்லையா? அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தில் பேதுருவுக்குச் சிறைக்கதவு தானாகத் திறக்கிறது. அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் இன்னொரு சீடர் யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறார். 2004 டிசம்பர் 26 காலையில் வேளாங்கண்ணியில் கடல் கொண்டுபோனவர்களில் பலர், கிறிஸ்துமஸ் முடித்து மாதாவைப் பார்க்க வந்தவர்கள்.

இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. விளக்கம் சொல்லுகிறவர்களை நான் நம்புவதும் இல்லை. அடக்கம் முடிந்த வீட்டில், என் காதுபட ஒருவர் சொன்னார், எங்கேயோ ஜெபத்தில் குறை என்று. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறக்கும்வரை அவர்கள் நல்ல சிநேகிதர்கள். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் அந்த ஏழு நாளை மட்டும் கற்றுக்கொண்டால் போதும்.

ஆபத்தில் இருக்கிறவருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ஜெபத்தில் ஒரு ‘ஆகாவிட்டாலும்’ வரியை வைத்திருங்கள். அக்கினிச்சூளைக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபரும் ராஜாவிடம் அதைச் சொன்னார்கள். எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளை எடுத்துப்போடும்படி மூன்று தரம் கேட்டார். முள் போகவில்லை, ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்ற பதில் வந்தது. 91-ஆம் சங்கீதத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பதினைந்தாம் வசனத்தில் தேவன் தம் வாயால் சொல்லும்போது ‘ஆபத்தில் நானே அவனோடிருந்து’ என்பதுதான் முன்னால் வருகிறது, ‘தப்புவித்து’ என்பது அதற்குப் பின்னால். அப்பாவின் கடைசி வாரத்தில் தம்பி அந்த வசனத்தை வாசிக்கும்போது முதல் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். அப்பா கண்ணைத் திறந்து, மீதியையும் வாசிடா என்றார்.

ஏழாம் படி: இரவில்

இது சின்னது, தினமும் செய்ய வேண்டியது. குடும்ப ஜெபத்தைப் பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். நெருக்கடியில் இருக்கும் வீட்டில் எல்லோரும் களைத்திருப்பார்கள். காலையில் எழுதின தாளை எடுத்து, அன்று நடந்ததை ஒரு வரியில் அதன் அடியில் எழுதுங்கள். மணி ஒன்பதானால் கெட்ட செய்தி வரக்கூடிய போனை வேறு அறையில் வையுங்கள். நள்ளிரவில் கூகுளில் வியாதிகளைத் தேடுவதால் யாருக்கும் சுகமானதில்லை. பிறகு இரண்டு வசனம். ‘இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை’ என்பது ஒன்று. அவர் விழித்திருப்பதால் நீங்களும் கூட விழித்திருக்க வேண்டியதில்லை. மற்றது 4-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம்: ‘சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்.’

அம்மா இப்போது என்னோடு இருக்கிறார், எழுபத்து மூன்று வயது. ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும் எழுந்துபோய் கேஸ் குமிழைத் திருகிப் பார்ப்பார். புறவாசல் தாழ்ப்பாளைப் போட்டு, ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு வந்து படுத்த ஐந்தாவது நிமிடம் குறட்டை கேட்கும்.